புள்ளியியலும் ஓ.ஆரும்: பரீட்சைக் கணக்கைத் தொழில் முடிவுக்குக் கொண்டுவருவது எப்படி?

பல்லடம்_பார்ட்டைம் (கேள்வி)

வணக்கம். பி.காம். படித்தவன், வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிக்கிறேன். இந்த செமஸ்டரில் புள்ளியியலும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சும் (ஓ.ஆர்.) சேர்ந்து வந்திருக்கின்றன. சிம்ப்ளெக்ஸ், வோகல், ஹங்கேரியன் முறை என்று ஓ.ஆரில் வரும் முறைகள் எல்லாம் கணக்கைக் கொடுத்தால் போட வருகிறது. கணக்கை யாரும் கொடுக்காதபோது எங்கே தொடங்குவது என்பதுதான் பிடிபடவில்லை. புத்தகத்தில் எல்லா எண்களும் தயாராக இருக்கின்றன. வேலையிடத்தில் அப்படி இல்லை.

வேலை பனியன் கம்பெனியில், பிளானிங். மூன்று கேள்விகள்.

1) ஒரு லைனில் 10 டெய்லர், ஷிப்ட் 480 நிமிடம். ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்குத் தையல் 8 நிமிடம், துணி 200 கிராம், பொருள் செலவு போகப் பீஸுக்கு 30 ரூபாய் நிற்கும். போலோவுக்கு 20 நிமிடம், 250 கிராம், 55 ரூபாய். துணி நாளைக்கு 100 கிலோ வரும். போலோ காலர் 180-க்கு மேல் கிடைக்காது. டெய்லர் கூலி ஷிப்ட் கணக்கு, பீஸ் ரேட் இல்லை. போலோவில்தான் மார்ஜின் அதிகம், அதையே முடிந்தவரை ஓட்டு என்கிறார்கள். சரியா?

2) இரண்டு லைன்களின் செக்கிங் ரிப்போர்ட்: ஏ லைனில் 400 பீஸில் 18 டேமேஜ், பி லைனில் 400-ல் 30. இரண்டு விகிதங்களை ஒப்பிடும் இசட் டெஸ்ட் போட்டால் 1.79 வருகிறது, 5% எல்லையான 1.96-ஐத் தாண்டவில்லை. "வித்தியாசம் இல்லை" என்று எழுதினால் பரீட்சையில் மார்க் கிடைக்கும். பி லைன் சூப்பர்வைசரிடமும் அப்படியே சொல்லலாமா?

3) இரண்டு பேப்பரையும் எந்த வரிசையில் படிப்பது? எக்செல் தெரியும். கணக்கில் பின்னணி +2 வணிகக் கணிதத்தோடு சரி.

ஓஆர்_வாத்தியார்

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

அவர்கள் சொல்கிறபடியே ஓட்டிப் பாருங்கள். காலர் உள்ளவரை 180 போலோ, அதற்கு 3,600 நிமிடம். மிச்சம் 1,200 நிமிடத்தில் 150 ரவுண்ட் நெக். வரவு 9,900 + 4,500 = 14,400 ரூபாய். துணி 75 கிலோதான் செலவாகும், 25 கிலோ அப்படியே கிடக்கும்.

ரவுண்ட் நெக் மட்டும் ஓட்டினால் 500 பீஸில் துணி தீர்ந்துவிடும். 15,000 ரூபாய். 800 நிமிடம் சும்மா போகும்.

400 ரவுண்ட் நெக், 80 போலோ என்று ஓட்டினால் 12,000 + 4,400 = 16,400. நிமிடமும் துணியும் இரண்டுமே மிச்சமில்லாமல் தீரும். இதுதான் உச்சம். போலோவை முழுக்க ஓட்டுவதைவிட நாளொன்றுக்கு 2,000 ரூபாய் கூடுதல்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் சிம்ப்ளெக்ஸ் டேபிள் என்ன செய்கிறது என்பதும் புரிந்துவிடும். பீஸுக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது தவறான அளவுகோல். எது தட்டுப்பாடோ அதன் ஒரு அலகுக்கு எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். தையல் நிமிடத்துக்கு ரவுண்ட் நெக் 3.75 ரூபாய் தருகிறது, போலோ 2.75. துணி கிலோவுக்கு ரவுண்ட் நெக் 150, போலோ 220. தட்டுப்பாடு ஒன்றே ஒன்று என்றால் இந்த வகுத்தலே போதும், எல்.பி. (நேரியல் திட்டமிடல், சிம்ப்ளெக்ஸ் தீர்க்கும் கணக்கு) தேவையில்லை. இங்கே நிமிடம் ரவுண்ட் நெக்கை விரும்புகிறது, துணி போலோவை விரும்புகிறது. இரண்டு தட்டுப்பாடுகள் எதிரெதிராக இழுக்கும்போதுதான் எல்.பி. வேண்டியிருக்கிறது.

கணக்கை அமைப்பதற்கு நான் மாணவர்களிடம் கேட்பது இதுதான்: நாளைக் காலையில் உங்கள் கையால் மாற்றக்கூடியது எது? அதுதான் மாறி. உங்களுக்கு எக்ஸும் ஒய்யும் பீஸ் எண்ணிக்கை. கரண்ட் பில்லும் வாடகையும் நாளைக்கு மாறாது, அவை கணக்குக்குள் வரக் கூடாது. வாடகையைப் பீஸுக்கு 6 ரூபாய் என்று பிரித்து மார்ஜினில் கழிப்பவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் 24-ம் 49-ம் ஆகி, இரண்டுக்கும் இடையிலான விகிதமே மாறிவிடும். சில கணக்குகளில் தவறான பொருளை உச்சமாகக் காட்டிவிடும். அடுத்தது அலகு. துணியை ஒரு வரியில் கிராமிலும் இன்னொரு வரியில் கிலோவிலும் எழுதுவது, நிமிடத்தையும் மணியையும் கலப்பது, இதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

உச்ச விடையைவிட அதிகம் பயன்படுவது ஷேடோ பிரைஸ், அதாவது தட்டுப்பாடானது ஒரு அலகு கூடினால் வரவு எவ்வளவு கூடும் என்ற எண். உங்கள் கணக்கில் தையல் நிமிடத்துக்கு 1.75 ரூபாய், துணி கிலோவுக்கு 80 ரூபாய், காலருக்கு 0. சரிபார்க்க: 4,800 × 1.75 + 100 × 80 = 16,400.

இதை முடிவாகப் படிப்பது எப்படி என்றால், ஒரு டெய்லரின் ஒரு மணி நேர ஓவர்டைம் உங்களுக்கு 105 ரூபாய் கூடுதலாகத் தரும். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. அந்த இரட்டைக் கூலி மணிக்கு 105-க்குக் கீழே இருந்தால் ஓட்டலாம், மேலே போனால் வேண்டாம். கூலி உங்கள் மார்ஜினில் கழிக்கப்படாததால் முழுத் தொகையையும் ஒப்பிட வேண்டும். துணி அப்படியல்ல. துணியின் வழக்கமான விலை ஏற்கெனவே மார்ஜினில் கழிந்துவிட்டது. ஆகவே 80 ரூபாய் என்பது வழக்கமான விலைக்கு மேல் எவ்வளவு வரை கூடுதலாகக் கொடுத்து அவசரத் துணி வாங்கலாம் என்பதைச் சொல்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் "கிலோ 80 ரூபாய்க்கு மேல் துணி வாங்காதே" என்று பரிந்துரைத்தால் கம்பெனி நின்றுவிடும்.

இதற்கு எல்லையும் உண்டு. 1.75 என்பது நிமிடம் 4,000 முதல் 5,800 வரைதான் செல்லும். 5,800-ஐத் தாண்டினால் காலர் கட்டிப்போட்டுவிடும், அதற்கு மேல் ஓவர்டைம் கொடுத்தால் பைசா தேறாது. போலோ மார்ஜின் 37.50 முதல் 75 ரூபாய் வரை எப்படி ஆடினாலும் 400, 80 என்ற திட்டம் மாறாது. பையருடன் விலை பேசப் போகும்முன் கையில் இருக்க வேண்டிய எண் அது.

ஐஇ_திருப்பூர்

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் உள்ளே போட்ட 4,800 நிமிடத்தில் எனக்குச் சந்தேகம். அந்த 8 நிமிடமும் 20 நிமிடமும் எங்கிருந்து வந்தவை?

எஸ்.ஏ.எம். (ஒரு பீஸுக்கான நிர்ணய நேரம்) ஷீட்டில் இருந்து எடுத்தவை என்றால், அவை நூறு சதவீத வேகத்தில் தைப்பவருக்கான நேரம். 10 டெய்லரை 480-ஆல் பெருக்கி அப்படியே வைக்க முடியாது. லைன் எஃபிஷியன்சியால் (அந்த வேகத்தில் லைன் உண்மையில் எத்தனை சதவீதம் எட்டுகிறது என்பதால்) பெருக்க வேண்டும். பண்டல் வரக் காத்திருப்பது, டேமேஜைப் பிரித்துத் தைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

எஃபிஷியன்சி 65% என்று வையுங்கள். கையில் இருப்பது 3,120 நிமிடம்தான். இப்போது கணக்கு தலைகீழ். தையல் மட்டுமே தட்டுப்பாடு, துணி மிஞ்சும். நிமிடத்துக்கு அதிகம் தரும் ரவுண்ட் நெக் 390 பீஸ், போலோ பூஜ்யம். வரவு 11,700. துணியின் ஷேடோ பிரைஸ் 80-இலிருந்து 0-க்கு இறங்கிவிடும், தையல் நிமிடம் 1.75-இலிருந்து 3.75-க்கு ஏறிவிடும். அவசரத் துணிக்குக் கூடுதல் விலை கொடுப்பது முதல் கணக்கின்படி நியாயம், இரண்டாவதன்படி வீண்.

மாறாக, 8-ம் 20-ம் லைனில் உண்மையில் வெளிவந்த பீஸைக் கொண்டு வகுத்துக் கண்டுபிடித்தவை என்றால் எஃபிஷியன்சி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. திரும்பப் பெருக்கக் கூடாது. எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிம்ப்ளெக்ஸில் பிழை வருவது அபூர்வம், உள்ளே போகும் எண்ணில்தான் வரும்.

இன்னொன்று. லைனின் மொத்த நிமிடத்தை ஒரே கட்டுப்பாடாக வைப்பது தோராயம்தான். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் மூன்றும் தனித்தனி மெஷின். போலோவின் பட்டிக்கும் காலருக்கும் சிங்கர் நிமிடம் அதிகம் வேண்டும். மெஷின் வகைக்கு ஒரு வரி என்று பிரித்து எழுதினால் எது உண்மையான முட்டுக்கட்டை என்று தெரியும்.

தரம்_முக்கியம்

இரண்டாவது கேள்வி. உங்கள் 1.79 சரி. பி-மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு இடைவெளி தற்செயலாக வரும் வாய்ப்பு) ஏறக்குறைய 0.07. ஆனால் "வித்தியாசம் இல்லை" என்பது அந்த டெஸ்ட் சொல்லாத ஒன்று. இருக்கிற சான்று போதவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. பரீட்சையிலும் "கருதுகோளை நிராகரிக்கப் போதிய சான்று இல்லை" என்று எழுதிப் பழகுங்கள்.

டெஸ்டை விட்டுவிட்டு நம்பக இடைவெளியை, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சைப் பாருங்கள். ஏ லைன் 4.5%, பி லைன் 7.5%, இடைவெளி 3 சதவீதப் புள்ளி. அதன் 95% நம்பக இடைவெளி மைனஸ் 0.3 முதல் பிளஸ் 6.3 வரை. அதாவது இரண்டும் ஒன்றாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, பி லைன் ஏ-யைவிட 6 புள்ளி மோசமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. இந்த வீச்சைப் பார்த்த எவரும் "பிரச்சினை இல்லை" என்று சொல்ல மாட்டார்.

முடிவு எடுக்க வேண்டியது ரூபாயில். பி லைன் நாளைக்கு 480 பீஸ் ஓட்டினால் 3% என்பது 14 பீஸ் சொச்சம். ஒரு டேமேஜ் பீஸுக்கு 60 ரூபாய் போகிறது என்றால் நாளைக்கு 860 ரூபாய் அளவில் கசிகிறது. அந்த லைனில் எல்லா மெஷினுக்கும் ஊசி மாற்றி டென்ஷன் பார்த்து சர்வீஸ் செய்ய 3,000 ரூபாய் ஆகும் என்று வையுங்கள். நான்கு நாளில் அது திரும்பிவிடும். சந்தேகம் இருக்கும்போதே செய்துவிடலாம், தவறினாலும் போவது 3,000. இதே இடத்தில் முடிவு "பி லைன் மெஷின்களை விற்றுப் புதிதாக வாங்கு" என்று இருந்தால் 0.07-ஐ நம்பி இறங்கக் கூடாது. இன்னும் பீஸ் எண்ண வேண்டும். 5% என்ற எல்லை இரண்டு முடிவுக்கும் பொதுவாக இருக்க முடியாது, ஏனென்றால் தவறின் விலை வேறு.

எத்தனை பீஸ் எண்ண வேண்டும்? 3 புள்ளி வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் அதை 80% வாய்ப்புடன் பிடிக்க, லைனுக்குச் சுமார் 980 பீஸ் வேண்டும். 400-ல் அது தவறிப்போனதில் ஆச்சரியம் இல்லை. ஃபார்முலா: இரண்டு லைனுக்கும் தனித்தனியே டேமேஜ் விகிதம் × (1 − டேமேஜ் விகிதம்) கண்டு கூட்டுங்கள் (0.043 + 0.069 = 0.112), 7.84-ஆல் பெருக்குங்கள், வித்தியாசத்தின் வர்க்கத்தால் (0.0009) வகுங்கள். 7.84 என்பது 1.96-ஐயும் (5% எல்லைக்கு) 0.84-ஐயும் (80% வாய்ப்புக்கு) கூட்டிய 2.8-இன் வர்க்கம்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இந்த மாதிரி டேட்டாவில் ஒளிந்திருக்கும். இசட் டெஸ்ட் ஒவ்வொரு பீஸும் தனித்தனி என்று எடுத்துக்கொள்கிறது. தையலில் அப்படி இல்லை. ஊசி முனை மழுங்கினால் அந்த மெஷினில் ஓடிய பண்டல் முழுக்க ஓட்டை விழும். 30 டேமேஜில் 20 ஒரே பண்டலில் இருந்து வந்திருந்தால் உங்களிடம் இருப்பது 30 சாட்சிகள் இல்லை, பத்துப் பன்னிரண்டுதான். அந்த 1.79-க்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். செக்கிங் ஷீட்டில் பண்டல் நம்பர், மெஷின் நம்பர், நேரம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பண்டல் வாரியாக டேமேஜ் சதவீதம் கண்டு அந்தச் சதவீதங்களை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் டெஸ்ட் போடும் முன்பே எந்த மெஷின் என்று தெரிந்துவிடும்.

சூப்பர்வைசரிடம் "வித்தியாசம் இல்லை" என்றும் சொல்லாதீர்கள், "உங்கள் லைன் மோசம்" என்றும் சொல்லாதீர்கள். பண்டல் நம்பரோடு ஷீட் கேளுங்கள்.

கடைக்கணக்கு

மூன்றாவதுக்கு என் கருத்து. சிலபஸ் வரிசைப்படி போனால் டிசிஷன் தியரி (நிச்சயமில்லாதபோது முடிவெடுக்கும் முறை) கடைசி யூனிட்டில் வரும். அதை முதலில் படியுங்கள். பே-ஆஃப் டேபிள், எதிர்பார்ப்பு மதிப்பு, டிசிஷன் ட்ரீ, இவ்வளவுதான், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அது கையில் இருந்தால் மற்றதெல்லாம் எங்கே போய் உட்காரும் என்று தெரியும்: நிகழ்தகவு ட்ரீயின் கிளைகளுக்கு, சாம்ப்ளிங் அந்த நிகழ்தகவைத் திருத்துவதற்கு, எல்.பி. எல்லா எண்ணும் நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கு. அதன்பிறகு பரவல்கள், சாம்ப்ளிங் டிஸ்ட்ரிபியூஷன், நம்பக இடைவெளி, டெஸ்ட், ரெக்ரஷன் என்று வரிசையாகப் போகலாம். சாம்ப்ளிங் டிஸ்ட்ரிபியூஷனை (மாதிரிக்கு மாதிரி சராசரி எப்படி மாறும் என்பதை) மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். அங்கே ஓட்டை விட்டவருக்கு டி, கை-ஸ்கொயர், எஃப் எல்லாமே மனப்பாடமாகத்தான் முடியும்.

தமிழ் வழியில் படித்தவர் என்றால் தமிழ்நாட்டுப் பாடநூல் வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியலைத் திரும்ப எடுங்கள். 11-ஆம் வகுப்பில் நேரியல் திட்டமிடலும் வலையமைப்புப் பகுப்பாய்வும், 12-ஆம் வகுப்பில் போக்குவரத்து, ஒதுக்கீடு, முடிவெடுத்தல் மூன்றும் இருக்கின்றன. எம்.பி.ஏ. ஓ.ஆரில் கணிசமான பகுதி அதுவே.

புள்ளியியலும் ஓ.ஆரும் ஒரே கணக்கில் சேருமிடத்தைப் பார்க்க, கெட்டுப்போகும் பொருளை எவ்வளவு போடுவது என்ற கணக்கு நல்லது. ஒரு பேக்கரியில் வெஜ் பப்ஸ். போட 10 ரூபாய், விலை 20, ராத்திரி மிஞ்சினால் 5 ரூபாய்க்குத் தள்ளிவிடலாம். சராசரி விற்பனை 120, திட்ட விலக்கம் 30. எத்தனை போடுவது? "சராசரி 120" என்பது எல்லோரும் சொல்லும் பதில், அது தவறு. ஒன்று குறைந்தால் கைவிட்டுப் போவது 10 ரூபாய் லாபம். ஒன்று மிஞ்சினால் நஷ்டம் 5. குறைவதுதான் இரு மடங்கு வலிக்கும், ஆகவே சராசரிக்கு மேல் போட வேண்டும். எவ்வளவு மேல்? 10 / (10 + 5) = 0.667. பரவலில் 66.7% இடத்தில் நிற்கும் எண்: 120 + 0.43 × 30, அதாவது 133.

நார்மல் பரவல் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் இன்னும் நேரான வழி இருக்கிறது. கடந்த 30 சனிக்கிழமை விற்பனையைச் சிறியதில் இருந்து பெரியதாக அடுக்குங்கள், 20-ஆவது எண்ணை எடுங்கள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எண்களையே எடுக்க வேண்டும், வாரநாளைக் கலந்தால் கெட்டது.

இதில் எல்லோரும் மாட்டும் இடம்: பில் மெஷின் விற்பனையைச் சொல்லும், தேவையைச் சொல்லாது. 120 போட்டு மாலை 5 மணிக்கே தீர்ந்த நாளும் 120 என்றுதான் பதிவாகும். அதற்குப் பிறகு வந்து திரும்பிப் போனவர்கள் கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட நாள்களை அப்படியே எடுத்துச் சராசரி கண்டால் சராசரியும் தாழும், திட்ட விலக்கமும் சுருங்கும். அதை நம்பி அடுத்த மாதம் இன்னும் குறைவாகப் போடுவார்கள், இன்னும் சீக்கிரம் தீரும், எண் இன்னும் தாழும். தீர்ந்த நேரத்தைக் கட்டாயம் குறித்துவைக்க வேண்டும். தீராத நாள்களில் 5 மணிக்குள் எத்தனை சதவீதம் விற்றுவிடுகிறது என்று பார்த்து, தீர்ந்த நாளின் எண்ணை அதனால் வகுத்தால் ஓரளவு சரியாக வரும்.

ரெக்ரஷனுக்கும் (ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் கணிக்கும் முறைக்கும்) ஒரு எச்சரிக்கை, நம் ஊர் டேட்டாவுக்கே உரியது. தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. மாத வாரியாக டம்மி வேரியபிள் (அந்த மாதமானால் 1, இல்லாவிட்டால் 0) போட்டு ஜவுளி விற்பனையைக் கணித்தால் அக்டோபர் ஒரு வருடம் பாய்ந்தது போலவும் நவம்பர் படுத்துவிட்டது போலவும் காட்டும். "தீபாவளிக்கு இன்னும் எத்தனை வாரம்" என்று ஒரு மாறி வையுங்கள். ஆடித் தள்ளுபடியும் அப்படியே. ஆடி ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது, இங்கிலீஷ் மாதத்தில் அடைத்தால் இரண்டாகக் கிழியும்.

கியூயிங்கில் (வரிசையில் காத்திருப்பதன் கணக்கில்) ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும். பில் கவுன்டரில் மணிக்கு 30 பேருக்குப் பில் போட முடியும். மணிக்கு 24 பேர் வந்தால் சராசரிக் காத்திருப்பு 8 நிமிடம். 27 பேர் வந்தால் 18 நிமிடம். கூட்டம் எட்டில் ஒரு பங்குதான் கூடியது, காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல். இரண்டாவது கவுன்டர் திறந்து ஒரே வரிசையாக விட்டால் அந்த 18 நிமிடம் அரை நிமிடமாகிவிடும். "ஆள் 10% நேரம் சும்மா இருக்கிறார், இன்னும் வேலை கொடு" என்பவர் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். எர்லாங் 1909-ல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனிக்காகத் தொடங்கிய கணக்கு, இன்று கால் சென்டர் ஷிப்ட் போடுவதுவரை அதன்மேல்தான் நிற்கிறது.

பல்லடம்_பார்ட்டைம்

எல்லோருக்கும் நன்றி. 8-ம் 20-ம் எஸ்.ஏ.எம். இல்லை, போன மாத லைன் அவுட்புட்டில் இருந்து வகுத்தவை. ஆகவே 4,800 நிற்கும் என்று நினைக்கிறேன்.

எக்செல்லில் உச்ச விடை தேடும் சால்வரில் போட்டேன், 400, 80 வந்தது. ஆனால் ஸ்டைல் மாற்ற 40 நிமிடம் போகும், அதையும் சேர்க்கலாம் என்று "போலோ பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் 40 கழி" என ஒரு இஃப் ஃபார்முலா வைத்ததும் நேரியல் நிபந்தனை பூர்த்தியாகவில்லை என்று மெசேஜ் வருகிறது. மெத்தடை ஜி.ஆர்.ஜி.க்கு (நேரியல் அல்லாத கணக்குக்கானது) மாற்றினால் தொடங்கும் எண்ணைப் பொறுத்து வேறு வேறு விடை வருகிறது. என்ன செய்வது? பரீட்சைக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

ஓஆர்_வாத்தியார்

இஃப், மேக்ஸ், ரவுண்ட், வீலுக்அப் எதுவும் மாறியைத் தொடக் கூடாது. தொட்டால் நேரியல் போய்விடும். ஜி.ஆர்.ஜி. பக்கத்தில் இருக்கும் மேட்டில் ஏறி நின்றுவிடும், அதைவிட உயர்ந்தது அப்பால் இருக்கிறதா என்று பார்க்காது. அதனால்தான் தொடக்க எண்ணுக்கு ஏற்ப விடை மாறுகிறது. "சிம்ப்ளெக்ஸ் எல்.பி." மெத்தடுக்கே திரும்புங்கள்.

ஸ்டைல் மாற்றத்துக்கு மூன்றாவதாக ஒரு மாறி சேருங்கள், பெயர் பி. போலோ ஓடினால் 1, ஓடாவிட்டால் 0. சால்வரில் அதற்கு "பின்" என்ற கட்டுப்பாடு கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு வரி:

8எக்ஸ் + 20ஒய் + 40பி ≤ 4,800
ஒய் ≤ 180பி

இரண்டாவது வரிதான் பூட்டு. பி பூஜ்யமானால் போலோ ஓட முடியாது. 180 என்ற இடத்தில் பத்து லட்சம் என்று போடப் பலர் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்படிப் போட்டால் பி 0.0001 அளவில் இருந்தாலே 80 போலோ ஓட அனுமதி கிடைத்துவிடும், சால்வர் அந்தச் சின்ன எண்ணைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொண்டு 40 நிமிடத்தை விழுங்கிவிடக்கூடும். முடிந்தவரை சிறிய எண்ணாகப் போடுங்கள். இங்கே காலர் வரம்பே 180.

விடை 405 ரவுண்ட் நெக், 76 போலோ, 16,330 ரூபாய். முன்பு இருந்த 16,400-இலிருந்து 70 குறைவு. 40 நிமிடம் × 1.75 = 70. ஷேடோ பிரைஸ் முன்கூட்டியே சொன்ன எண் இது. போலோவே வேண்டாம் என்றால் 15,000, ஆகவே ஸ்டைல் மாற்றுவது தகும்.

சால்வரில் கவனிக்க வேண்டியவை: மாறிகள் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற டிக் பாக்ஸ் போட்டிருக்க வேண்டும். கட்டுப்பாடுகளின் இடப்பக்கத்தை சம்ப்ராடக்ட் ஃபார்முலாவால் எழுதினால் பிழை தேடுவது சுலபம். "இன்ட்", "பின்" கட்டுப்பாடு ஒன்று இருந்தாலும் சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட் கிடைக்காது. ஆகவே முதலில் அவை இல்லாமல் ஓட்டி ரிப்போர்ட்டை எடுத்து வையுங்கள், பிறகு சேருங்கள். எக்செல்லோடு வரும் சால்வர் 200 மாறிகள் வரைதான் தாங்கும், உங்கள் யூனிட்டின் ஒரு வாரத் திட்டத்துக்கு அது போதும்.

விடைத்தாள்_மேஜை

பரீட்சைக்கு. மார்க் போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

போக்குவரத்துக் கணக்கில் 3 வரிசை, 4 நிரல் என்றால் ஒதுக்கிய கட்டங்கள் 6 இருக்க வேண்டும். 5 வந்தால் எப்சிலான் (பூஜ்யத்தை ஒட்டிய மிகச் சிறிய அளவு) சேர்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே சேர்ப்பது என்பதில்தான் தவறு. செலவு குறைந்த காலிக் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டம் ஏற்கெனவே ஒதுக்கிய கட்டங்களோடு சேர்ந்து மூடிய வளையம் ஆகக் கூடாது. அப்படி ஆகிவிட்டால், விடை உச்சமா என்று சோதிக்கும் மோடி முறையில் யூ, வி எண்களில் ஒன்றிரண்டு கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடும். அப்படி நின்றால் எப்சிலானை வேறு கட்டத்துக்கு மாற்றுங்கள், கணக்கை அடித்துவிடாதீர்கள். மொத்த வரத்தும் மொத்தத் தேவையும் சமமா என்று முதல் வரியிலேயே கூட்டிக் காட்டுங்கள், அதற்கே மார்க் உண்டு.

ஒதுக்கீட்டில் (ஹங்கேரியன் முறை) லாபக் கணக்கு வந்தால் மிகப் பெரிய எண்ணிலிருந்து எல்லாவற்றையும் கழித்துவிட்டுத் தொடங்குங்கள். கடைசியில் மொத்த லாபத்தை மூல டேபிளில் இருந்து கூட்டுங்கள், கழித்த டேபிளில் இருந்து கூட்டினால் தவறு. கோடு போட்ட பிறகு மிகச் சிறிய எண்ணைக் கோடு படாத கட்டங்களில் கழிப்பவர்கள், கோடுகள் சந்திக்கும் கட்டத்தில் அதைக் கூட்ட மறக்கிறார்கள்.

பெர்ட் (திட்டம் முடியும் காலத்தைக் கணிக்கும்) கணக்கில் கிரிட்டிகல் பாதையில், அதாவது மிக நீண்ட பாதையில் உள்ள வேலைகளின் வேரியன்ஸை (திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை) மட்டும் கூட்டிப் பிறகு வர்க்கமூலம். திட்ட விலக்கங்களை நேராகக் கூட்டக் கூடாது. சேஃப்டி ஸ்டாக்கிலும் (தேவை கூடினால் சமாளிக்க வைக்கும் சரக்கிலும்) இதே விதி: நாள் திட்ட விலக்கம் 12, சரக்கு வர 9 நாள் என்றால் 12 × 3 = 36. 108 என்று எழுதினால் மூன்று மடங்கு சரக்கைக் குடோனில் அடைத்ததாக அர்த்தம்.

பிக் எம் முறையில் (சிம்ப்ளெக்ஸைத் தொடங்கச் செயற்கை மாறி சேர்க்கும் முறை) கடைசி டேபிளில் அந்தச் செயற்கை மாறி பூஜ்யமில்லாத மதிப்போடு நின்றால் தீர்வே இல்லை என்று எழுத வேண்டும். நுழையும் மாறி கிடைத்தும் வெளியேற எந்த வரிசையும் தகுதியில்லை என்றால் எல்லையற்ற தீர்வு. இரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் ஒவ்வொரு கட்டு விடைத்தாளிலும் இருக்கிறார்கள்.

விடையை எக்ஸ் = 400, ஒய் = 80 என்று நிறுத்தாதீர்கள். "நாளொன்றுக்கு 400 ரவுண்ட் நெக், 80 போலோ தைக்க வேண்டும், வரவு 16,400 ரூபாய், தையல் நேரமும் துணியும் முழுவதும் தீரும், காலர் 100 மிச்சம்" என்று அலகோடு எழுதுங்கள். எம்.பி.ஏ. தாளில் அந்தக் கடைசி வரிக்குத் தனி மார்க் வைத்திருப்பார்கள்.